கையெழுத்துப் போட யார் வருவார்?

சிறுமிகளின் கருக்கலைப்பும் ‘கார்டியன்’ சம்மதமும்: பெண்ணாடத்திலிருந்து ஒரு பார்வை

கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளையைப் பெற்றவர் ஒருவராகவும் வளர்ப்பவர் வேறொருவராகவும் இருக்கும் வீடுகள் நிறைய. கரும்பு வெட்டும் முந்திரிக் காடும் தரும் கூலி வருஷம் முழுக்க வராது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் அகல் விளக்கும் பொம்மையும் செய்கிற வேலையிலும் குடும்பத்தை நிமிர்த்துகிற வருமானம் கிடையாது. தகப்பன் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறார். தாய் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ பெங்களூரு கட்டட வேலைக்கோ போகிறார். பள்ளிக்கூடம் போகிற பெண் ஆயா வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ நின்று படிக்கிறாள்.

அப்படிப் படிக்கும் பதினாறு வயதுப் பெண்ணொருத்திக்கு நாள் தள்ளிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவளுக்கே புரிவதில்லை. புரிந்த பிறகு வாய்விட்டுச் சொல்லப் பத்து நாள், பதினைந்து நாள் ஆகிறது. கடைசியில் ஆயாவிடம் அழுகிறாள். ஆயா தலையில் அடித்துக்கொண்டாலும் பேத்தியை விட்டுவிடுகிறவள் இல்லை. விடிந்ததும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறாள். அங்கே வரும் கேள்வி: “அப்பா, அம்மா எங்கே? அவங்க வந்து கையெழுத்துப் போடணும்.”

இந்த ஒரு வரியில்தான் பல பெண்களின் வாழ்க்கை சிக்கி நிற்கிறது. அப்படிக் கேட்பவர் கொடுமைக்காரர் அல்ல. சட்டம் அதைத்தான் சொல்கிறது என்று நம்பிக் கேட்கிறார். சட்டம் உண்மையில் சொல்வது வேறு.

சட்டம் சொல்வது

இந்தியாவில் கருக்கலைப்பை 1860-ன் தண்டனைச் சட்டம் குற்றமாக்கியது. தாயின் உயிரைக் காப்பதற்காகச் செய்தால் மட்டுமே விலக்கு. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-வது பிரிவிலும் அந்தக் குற்றம் அப்படியே இருக்கிறது. கள்ளத்தனமான கருக்கலைப்பில் பெண்கள் செத்துக்கொண்டிருந்த நிலையில், சாந்திலால் ஷா தலைமையிலான குழுவை மத்திய அரசு 1964-ல் அமைத்தது. அந்தக் குழு 1966-ல் தந்த அறிக்கையின் வழியாகப் பிறந்ததுதான் 1971-ன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். 1972 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவனின் கையெழுத்தோ மாமியாரின் அனுமதியோ தேவையில்லை. 18 நிறையாதவளுக்கும் மனநலம் பாதிக்கப்பட்டவருக்கும் 3(4)-வது பிரிவு வேறு விதி வைக்கிறது: ‘கார்டியன்’ எழுத்துமூலம் சம்மதம் தர வேண்டும்.

யார் அந்தக் கார்டியன்? சட்டத்தின் 2-வது பிரிவு இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. சிறுமியைத் தம் பராமரிப்பில் வைத்திருப்பவர்தான் கார்டியன். தாய், தகப்பன் என்ற சொற்கள் அந்த விளக்கத்தில் இல்லை. நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் என்றும் இல்லை. சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காருகிறவரைத்தான் அந்த வரி குறிக்கிறது. குவைத்தில் இருக்கும் தகப்பன் விடுப்பு எடுத்து வர வேண்டியதில்லை. பேத்தியை வளர்க்கும் ஆயாவின் கைநாட்டு போதும்.

ஐம்பது ஆண்டுக்கு முன் இந்த வரியை எழுதியவர்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்த நல்ல மனது ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. வழக்கு வருமோ, பிறகு தகப்பன் வந்து சண்டை போடுவாரோ என்கிற பயத்தில் “பெத்தவங்களே வரணும்” என்பது எழுதாத விதியாகிவிடுகிறது. சில இடங்களில் தாய் வந்தாலும் போதாது, தகப்பன் வர வேண்டும் என்பார்கள். ஆதார் அட்டையும் ரேஷன் கார்டும் கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வாரம் போகிறது.

சம்மதப் படிவத்தை, அதாவது ‘படிவம் சி’யை, எடுத்துப் பார்த்தால் இன்னொன்று உறுத்தும். அதன் மேல்பாதி வயது வந்த பெண்ணுக்கு. கீழ்ப்பாதி, மைனர் பெண்ணாகவோ மனநலம் பாதிக்கப்பட்டவராகவோ இருந்தால் கார்டியன் நிரப்ப வேண்டியது. ‘என் பராமரிப்பில் உள்ள இன்னாரின் கர்ப்பத்தைக் கலைக்கச் சம்மதிக்கிறேன்’ என்று கார்டியன் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். யாருடைய வயிற்றில் கரு இருக்கிறதோ அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்கும் வரி அந்தக் கீழ்ப்பாதியில் இல்லை.

புருஷனே கார்டியன் என்றால்?

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி (2019-21), தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 12.8 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள். 15 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஆய்வின்போது தாயாகிவிட்டவர்களும் கர்ப்பமாக இருந்தவர்களும் சேர்த்து 6.3 சதவீதம். ஆக, கர்ப்பமான சிறுமி என்றாலே ‘காதலித்து ஏமாந்தவள்’ என்று படம் போடுவது தவறு. பலர் ஊரறியத் தாலி கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள்.

அவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் முடிச்சைப் பாருங்கள். 1956-ன் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6-வது பிரிவு, மணமான மைனர் பெண்ணுக்கு இயற்கைப் பாதுகாவலர் அவளுடைய கணவன் என்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ன் போக்ஸோ சட்டமோ 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட யாருடனும் உடலுறவு கொள்வது குற்றம் என்கிறது. மனைவியானாலும் 18-க்குக் கீழே என்றால் அது பாலியல் வன்கொடுமைதான் என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபர் 11 அன்று சொல்லிவிட்டது. ஒரு சட்டத்தில் பாதுகாவலனாக இருப்பவன் இன்னொரு சட்டத்தில் குற்றவாளி. அவனிடம் கையெழுத்து வாங்கச் சொன்னால் அவன் ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டான்.

இதைவிடக் கொடியது, குற்றம் செய்தவர் தகப்பனாகவோ மாமனாகவோ வீட்டுக்குள்ளேயே இருப்பது. 2017-ல் சண்டிகரில் பத்து வயதுக் குழந்தை ஒருத்தி வயிற்றுவலி என்று சொல்ல, மருத்துவமனைக்கு அழைத்துப்போன பெற்றோருக்கு அங்கேதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் ஏழு மாதம் கடந்திருந்தது. செய்தது உறவுக்காரர்கள். அந்த ஆண்டு ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம், இனிக் கலைப்பது குழந்தையின் உயிருக்கே ஆபத்து என்ற மருத்துவக் குழுவின் கருத்தை ஏற்று மறுத்துவிட்டது. ஆகஸ்டில் அவள் பிள்ளை பெற்றாள். அந்தப் பெற்றோர் மகளின் பக்கம்தான் நின்றார்கள். கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தார்கள். காலம் தப்பிவிட்டது.

கருவுக்கு வாரக் கணக்கு உண்டு என்பதைச் சட்டம் பேசுகிற யாரும் மறக்கக் கூடாது. ஒன்பது வாரம் வரை மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையிலேயே முடியும். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 2021-ல் வந்த திருத்தத்தின்படி, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் சிறுமிகளுக்கும் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு வழியுண்டு. அதற்கு மேல் போனால், பெண்ணின் உயிரைக் காக்க உடனே கலைத்தாக வேண்டியிருந்தாலோ கருவில் பெருங்குறை இருப்பதாக மருத்துவக் குழு சொன்னாலோ ஒழிய, நீதிமன்றப் படியேற வேண்டும். பெண்ணாடத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்றம் எத்தனை தூரம் என்பது கூலிக்காரக் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

ஸ்டேஷன் பயம்

கையெழுத்துச் சிக்கலோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. போக்ஸோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த யாரும் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21-வது பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை. அதனால் 18 நிறையாத கர்ப்பிணி உள்ளே வந்ததும் ‘எம்.எல்.சி.’ (போலீசுக்குச் சொல்ல வேண்டிய மருத்துவ-சட்ட வழக்கு) போடுகிறார்கள். தகவல் மகளிர் ஸ்டேஷனுக்குப் போகிறது. ஒத்த வயதுப் பையனோடு விரும்பிப் பழகியவளாக இருந்தாலும் இதே கதைதான். பையன் உள்ளே போகிறான், பெண் காப்பகத்துக்குப் போகிறாள், ஊர் முழுக்கப் பெயர் பரவுகிறது.

இது தெரிந்தபின் எந்தத் தாய் அரசு ஆஸ்பத்திரிக்கு வருவாள்? மெடிக்கல் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்குகிறார்கள். எத்தனை வாரம், கரு கருப்பைக்குள் இருக்கிறதா குழாயில் தங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க ஆளில்லை. ரத்தப்போக்கு நிற்காமல் மயங்கி விழுந்த பிறகு ஆட்டோ பிடிக்கிறார்கள். இன்னும் சிலர், தகுதியில்லாதவர் வைத்திருக்கும் கிளினிக்குக்குப் போகிறார்கள். அப்படிப்பட்டவர் கருக்கலைத்தால் இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் என்று சட்டம் சொல்கிறது. அந்தத் தண்டனை, பெண் செத்த பிறகுதான் செய்தித்தாளில் நமக்குத் தெரியவருகிறது.

2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் டி.ஒய். சந்திரசூட், ஏ.எஸ். போபண்ணா, ஜே.பி. பர்திவாலா ஆகியோர் அமர்வு தந்த தீர்ப்பு இந்த இடத்தில் ஒரு கதவைத் திறந்தது. மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை உரிமை உண்டு என்றதால் அந்தத் தீர்ப்பு அன்று பேசப்பட்டது. சிறுமிகளைப் பற்றி அது சொன்னது அந்த அளவு பேசப்படவில்லை. சிறுமியும் கார்டியனும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீசுக்கு அனுப்பும் தகவலில் அவளுடைய பெயர், விவரம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வழக்கு நடந்தாலும் அவரைச் சொல்லும்படி வற்புறுத்த முடியாது. 2023-ல் நீதிபதிகள் என். ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் ஆகியோர் அடங்கிய சென்னை உயர் நீதிமன்ற அமர்வு இதையே தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கும் போலீசுக்கும் எடுத்துச் சொன்னது. அதற்கு முன் 2022 டிசம்பரில், காதல் விவகாரங்களில் போக்ஸோ வழக்கு என்றதும் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார்.

நல்ல தீர்ப்பு, நல்ல சுற்றறிக்கை. ஆனால் இரவு ஷிப்டில் இருக்கும் டியூட்டி டாக்டருக்கும், வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியருக்கும், அனைத்து மகளிர் காவல் நிலைய எழுத்தருக்கும் இது பாடமாகச் சொல்லித்தரப்பட வேண்டாமா? சுவரில் ஒரு பலகையாவது வேண்டாமா? ‘உன் பெயர் வெளியே போகாது’ என்று முதல் நாளே சொல்ல ஒருவர் இருந்தால், மெடிக்கல் கடைக்கு ஓடுகிற கால்கள் பாதி ஆஸ்பத்திரி பக்கம் திரும்பும்.

பெற்றோருக்குத் தெரியத்தான் வேண்டும், ஆனால்

பெற்றோரை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. பதினாறு வயதில் இப்படியொரு நிலைமையில் மாட்டிக்கொண்ட பெண்ணுக்கு அம்மாவின் மடியைப் போல வேறெதுவும் இல்லை. பெரும்பாலான தாய்மார், முதல் நாள் அடித்தாலும் மறுநாள் கஞ்சி வைத்துக் கொடுப்பவர்கள்தான். சிகிச்சைக்குப் பின் ரத்தப்போக்கைக் கவனிக்கவும், மறுபடி பள்ளிக்கூடம் அனுப்பவும், அவளை மிரட்டியவன் யாரென்று கேட்டறியவும் ஒரு பெரியவர் கூட இருந்தாக வேண்டும். அந்தக் காரணத்துக்காகத்தான் உலகம் முழுக்கப் பல சட்டங்கள் பெற்றோரைக் கேட்கின்றன.

ஆனால் எல்லா வீடும் அப்படியில்லை என்பதை விருத்தாசலம் பக்கத்தில் இருக்கும் நாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுக்கூரைப்பேட்டை கண்ணகியும் முருகேசனும் சிறுவர்கள் அல்ல, வயது வந்தவர்கள். சாதி கடந்து கல்யாணம் செய்துகொண்டார்கள். 2003 ஜூலையில் பெண்ணின் வீட்டாரே இருவருக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். 2021-ல் கடலூர் நீதிமன்றம் அண்ணனுக்குத் தூக்கும் தகப்பன் உள்ளிட்டோருக்கு ஆயுளும் விதித்தது. தூக்கு பின்னர் ஆயுளாகக் குறைந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. படித்து முடித்த, வயது வந்த பெண்ணுக்கே இந்த மண்ணில் அது நடந்தது. வேறு சாதிப் பையனால் கருவுற்ற பதினாறு வயதுக்காரியிடம் “போய் அப்பாவைக் கூட்டிவா” என்று சொல்வது, சில வீடுகளில் அவளைச் சாகச் சொல்வதற்குச் சமம்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. மகள் வேண்டாம் என்றாலும் கலைத்தே தீருவோம் என்கிற பெற்றோர். 1990-களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அப்படி ஒரு தகப்பன் வந்தார். மைனர் மகளின் கர்ப்பத்தைக் கலைக்க உத்தரவு கேட்டார். மகள் பிள்ளை வேண்டும் என்றாள். கார்டியன் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொல்வதற்கு, அந்தப் பெண்ணின் விருப்பத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது பொருளல்ல என்று சொல்லி நீதிமன்றம் மறுத்தது. முப்பது ஆண்டு முன்பே சென்னையிலிருந்து வந்த அந்தத் தெளிவு எனக்குப் பெருமையாக இருக்கிறது. 2009-ல் சண்டிகர் காப்பகத்துப் பெண்ணின் வழக்கில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வும், பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தைச் சேர்ந்தது என்றது. 2024-ல் மகாராஷ்டிரத்துப் பதினாலு வயதுச் சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 22 அன்று கலைக்க அனுமதித்தது. அதற்குள் கர்ப்பம் ஏறக்குறைய முப்பது வாரம். பெற்றோர் மனம் மாறியதால் ஒரே வாரத்தில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. கார்டியனின் கருத்தும் சிறுமியின் கருத்தும் வேறுபட்டால், அவளுடைய கருத்தை முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பில் எழுதியது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை வெகுநாளாக நடக்கிறது. பெற்றோர் சம்மதம் கேட்கும் மாநிலங்கள், சிறுமி நேராக நீதிபதியிடம் போய் ரகசியமாக அனுமதி கேட்க வழி வைக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1979-ல் சொன்னது. வழி இருந்தும் 1988-ல் இண்டியானா மாநிலத்தில் பெக்கி பெல் என்ற பதினேழு வயதுப் பெண் பெற்றோரிடம் சொல்லத் தயங்கிக் கடைசியில் கிருமித்தொற்றில் இறந்தாள். அவளுடைய பெற்றோரே பிறகு ஊர் ஊராகப் போய், பெற்றோர் சம்மதச் சட்டங்களுக்கு எதிராகப் பேசினார்கள். பிரான்ஸ் 2001-ல் வேறு வழி எடுத்தது. பெற்றோரிடம் சொல்ல முடியாத பெண், தானே தேர்ந்தெடுத்த வயதுவந்த ஒருவரோடு வரலாம் என்றது. ஸ்பெயின் 2023-ல் 16, 17 வயதுப் பெண்களுக்குப் பெற்றோர் சம்மதம் தேவையில்லை என்றாக்கியது. இலங்கையிலோ தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதி. 1883-ன் தண்டனைச் சட்டம் இன்னும் மாறவில்லை. வன்கொடுமைக்கு ஆளான யாழ்ப்பாணத்துச் சிறுமிக்கு யாருடைய கையெழுத்தும் உதவாது.

பிரான்ஸ் வரை போக வேண்டியதே இல்லை. நம்முடைய போக்ஸோ சட்டத்தின் 27-வது பிரிவு, குழந்தையின் மருத்துவப் பரிசோதனை பெற்றோர் முன்னிலையிலோ குழந்தை நம்புகிற வேறு ஒருவர் முன்னிலையிலோ நடக்கலாம் என்கிறது. அப்படி யாரும் வர முடியாவிட்டால் மருத்துவமனைத் தலைவர் நியமிக்கும் ஒரு பெண் முன்னிலையில் நடக்கலாம் என்றும் சொல்கிறது. பரிசோதனை மேசையில் அந்தக் குழந்தை நம்பும் ஒருவரை ஏற்கும் சட்டம், அடுத்த அறையில் சிகிச்சை என்றதும் ஏன் கைவிடுகிறது? கார்டியன் மறுத்தால், காணாமல் போனால், அவரே குற்றவாளியாக இருந்தால் என்ன செய்வது என்று மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. குழந்தைகள் நலக் குழுவிடம் போகச் சொல்கிறார்கள். குழு கடலூரில். அது எத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று கருக்கலைப்புச் சட்டம் சொல்லவில்லை.

இந்த இடைவெளியை நாடாளுமன்றம்தான் அடைக்க முடியும். சிறுமி நம்பும் ஒரு பெரியவரின் சம்மதம் போதும் என்று 3(4)-வது பிரிவு மாற வேண்டும். அப்படி ஒருவரும் இல்லாதபோது குழந்தைகள் நலக் குழு நாள் கணக்கு வைத்து முடிவெடுக்க வேண்டும். படிவம் சி-யில் அவள் தன் விருப்பத்தைத் தன் கையால் எழுத இடம் வேண்டும். டெல்லி எப்போது செய்யும் என்பது நம் கையில் இல்லை.

சென்னை செய்ய வேண்டியது இன்றைக்கே செய்யக்கூடியது. சுகாதாரத் துறைச் செயலாளர் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் ஒரு பக்கத்தில் ஆணை அனுப்பலாம். வளர்ப்பவரே கார்டியன், தகப்பன் வந்தாக வேண்டும் என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள், பெயரை மறைக்கக் கேட்கும் உரிமை இருப்பதைச் சிறுமிக்கு முதலில் சொல்லுங்கள் என்று அதில் எழுதினால் போதும். புதுச் சட்டம் வேண்டாம், பணம் வேண்டாம். கருக்கலைப்பு செய்துகொண்டவரின் பெயரை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்று 2021 திருத்தம் சேர்த்த 5ஏ பிரிவையும் அதே தாளில் அச்சிடலாம்.

இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும், பேத்தியையோ தங்கை மகளையோ வளர்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் ஒரு பெண் வந்து சொன்னால், யாரென்று விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வாரம் என்று பார்க்க அவளை அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். திருப்பி அனுப்பினால் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2-வது பிரிவைச் சொல்லுங்கள். வீட்டில் ஆபத்து என்றால் 1098-க்குப் பேசுங்கள், இரவானாலும் எடுப்பார்கள்.